நீலப் பலகை உணர்த்தும் உரிமை

சித்தூரிலும் திருப்பதியிலும் கடைத்தெரு வழியே நடந்து செல்லும் தமிழ்க் குழந்தையின் கண்ணில் மூவகை எழுத்துகள் படுகின்றன. பெரும்பாலான பலகைகள் தெலுங்கில் உள்ளன. பல பலகைகள் ஆங்கிலத்தில் உள்ளன. வேலூர், காஞ்சிபுரம், சென்னைப் பக்கத்திலிருந்து வருவோருக்காகச் சில பலகைகள் தமிழிலும் உள்ளன. இவற்றுக்கிடையே எழுத்தே இல்லாத பலகை ஒன்றும் காணப்படும். நீல நிறத் தளத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஓர் உருவம் வெண்ணிறத்தில் வரையப்பட்டிருக்கும். மருத்துவமனை வாயில், தொடர்வண்டி நிலையம், வானூர்தி நிலையம், பேரங்காடி ஆகிய இடங்களில் இதனைக் காணலாம். எம்மொழி பேசுவோரும் இதனைப் படித்து விடலாம். ஆயினும் இதன் முழுப்பொருளை அறிந்தோர் சிலரே ஆவர். அப்பொருளை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சின்னம் பிறந்த வரலாறு

இச்சின்னத்தை 1968 ஆம் ஆண்டில் முதன்முதலில் வரைந்தவர் சுசான் கோஃபோட் என்னும் டென்மார்க் நாட்டு வடிவமைப்பு மாணவி ஆவார். அவர் வரைந்த படத்தில் வெற்று நாற்காலி மட்டுமே இருந்தது. அமர்ந்திருப்பவர் மனிதர் என்பது தெரிய வேண்டும் என்று கருதிய கார்ல் மோன்டான் என்பவர், அதன்மேல் ஒரு வட்டத்தைத் தலையாகச் சேர்த்தார். 1969 ஆம் ஆண்டில் பன்னாட்டு மறுவாழ்வு அமைப்பு இதனை ஏற்றுக்கொண்டது. அதன்பின் இது உலகெங்கும் பரவியது.

படத்தில் சக்கர நாற்காலி இருப்பதால், அதில் அமர்வோருக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஊன்றுகோலுடன் நடப்போர், செயற்கைக் கால் பொருத்தியோர், பார்வையற்றோர் எனப் பலவகை மாற்றுத்திறனாளிகளையும் அச்சின்னம் குறிக்கும். ‘இவ்விடத்தில் இவர்கள் தடையின்றி வந்து செல்லலாம்’ என்பதே அதன் செய்தியாகும்.

தனியிடம் ஏன்?

வேலூரிலிருந்து திருப்பதியிலுள்ள மருத்துவமனை ஒன்றிற்குப் பாட்டியைக் காரில் அழைத்து வரும் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பாட்டியால் நடக்க இயலாது. சக்கர நாற்காலி வேண்டும். மருத்துவமனை வாயிலுக்கு அருகில் நீலப் பலகை நடப்பட்ட இடம் இருக்கிறது. ஆனால் அங்கே இரண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரு காரும் நிற்கின்றன. “ஐந்தே நிமிடம்தான், வந்துவிடுவேன்” என்று காரின் உரிமையாளர் சொல்லிச் சென்றதாகக் காவலாளி கூறுகிறார். வேறு வழியின்றித் தெருமுனையில் கார் நிறுத்தப்படுகிறது. அங்கிருந்து வாயில் வரை மேடும் பள்ளமும் கல்லும் சாக்கடை மூடியுமாக இருக்கின்றன. நாற்காலியைத் தள்ளியும் தூக்கியும் உள்ளே செல்வதற்குள் பாட்டியின் வரிசை எண் கடந்துவிடுகிறது. “போகட்டும் கண்ணு, இன்னொரு நாள் வந்துகொள்ளலாம்” என்கிறார் பாட்டி. அந்த இன்னொரு நாளுக்காக அப்பா மேலும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மற்றவரின் ஐந்து நிமிடம் இவர்களுடைய ஒரு நாளைக் கொண்டு சென்றுவிட்டது.

இத்தகைய இழப்பு நேராதிருக்கவே தனியிடம் ஒதுக்கப்படுகிறது. அவ்விடத்தின் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு காரணம் உண்டு.

அகலம்: பொதுவாக ஒரு கார் நிறுத்த ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம் போதும். இந்திய அரசின் வழிகாட்டு நெறிகள் மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்திற்கு 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் குறிக்கின்றன. கூடுதலாக உள்ள அகலம் வீணாக விடப்பட்டதன்று. கதவை முழுமையாகத் திறந்து, அதன் அருகே சக்கர நாற்காலியை வைத்து, இருக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு அந்த இடைவெளி இன்றியமையாதது. அதில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினாலும் காரில் இருப்பவர் வெளியே வர இயலாது.

தொலைவு: இவ்விடம் கட்டடத்தின் முதன்மை வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்பது நெறி. ஊன்றுகோலுடன் நடப்பவருக்கு ஒவ்வொரு மீட்டரும் உழைப்பாகும்.

தரை: தரை சமமாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். மணலிலும் பெருஞ்சரளையிலும் சக்கரம் புதைந்துவிடும். நிறுத்துமிடத்திலிருந்து வாயில் வரை படியில்லாத வழியும் வேண்டும்.

சாய்தளம்: படிகள் உள்ள இடத்தில் சாய்தளம் அமைப்பர். ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது அதன் கணக்கு. 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளின் மொத்த உயரம் 45 செ.மீ. ஆகும். அதற்கு 5.4 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் தேவை. இதைவிடக் குறைந்த நீளத்தில் அமைத்தால் சரிவு செங்குத்தாகிவிடும். ஏறும்போது நாற்காலி பின்னோக்கிச் சாயும். இறங்கும்போது கட்டுக்கடங்காமல் உருளும்.

கார் வைத்திருப்போருக்கு மட்டுமே இந்த ஏற்பாடு என்று கருதுதல் கூடாது. நம் ஊர்களில் மாற்றுத்திறனாளிகள் பலர் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரையே ஓட்டுகின்றனர். பின்புறத்தில் இருபக்கமும் சக்கரங்கள் இருப்பதால் அது மற்ற ஸ்கூட்டர்களைவிட அகலமானது. நெருக்கமாக நிறுத்தப்பட்ட இருசக்கர வண்டிகளின் வரிசையில் அதனை நுழைக்க இயலாது. நுழைத்தாலும் இறங்குவதற்கு இடமிராது.

தடை எங்கே உள்ளது?

ஒருவரால் ஓரிடத்திற்குச் செல்ல இயலவில்லை என்றால் குறை அவருடைய உடலில் உள்ளதா, வழியில் உள்ளதா? இவ்வினாவுக்குத் திருமலையின் வரலாறே ஒரு விடை தருகிறது. அலிபிரியிலிருந்து மலைமேல் செல்லும் நடைபாதையில் ஏறக்குறைய 3,550 படிகள் உள்ளன. முற்காலத்தில் நடக்க இயலாதோர் டோலியில் அமர்ந்து, சுமப்போரின் தோள்களை நம்பியே மலையேறினர். 1944 ஆம் ஆண்டில் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. அன்றுமுதல் முதியோரும் நோயுற்றோரும் ஊர்தியில் அமர்ந்தே மலையை அடைந்தனர். அவர்களுடைய கால்கள் மாறவில்லை, வழிதான் மாறியது. இன்று திருமலையில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வழிபாட்டிற்கெனத் தனி ஏற்பாடும் உள்ளது.

வழி மாறினால் மனிதரின் வாழ்வும் மாறும் என்பதற்கு வேலூரிலும் ஒரு சான்று உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராகப் பணியாற்றியவர் மேரி வர்கீஸ். 1954 ஆம் ஆண்டில் நேர்ந்த ஊர்தி விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு முறிந்தது. அதன்பின் அவரால் நடக்க இயலவில்லை. ஆயினும் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966 ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாக அவரே காரணமாக இருந்தார். 1972 ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அறுவை அரங்கிற்குள் நாற்காலி நுழைய வழியில்லாதிருந்தால் அத்தனை நோயாளர்களும் ஒரு நல்ல மருத்துவரை இழந்திருப்பர்.

திருப்பதியிலும் அத்தகைய நிறுவனம் உண்டு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பேர்டு’ மருத்துவமனை, இளம்பிள்ளை வாதத்தாலும் எலும்புக் குறைபாடுகளாலும் பாதிக்கப்பட்டோருக்கு அறுவை மருத்துவமும் மறுவாழ்வுப் பயிற்சியும் அளித்து வருகிறது. ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து நோயாளர்கள் திருப்பதிக்கு வருகின்றனர். ஆகவே இவ்வூரில் நீலப் பலகையின் தேவை பிற ஊர்களைவிடக் கூடுதலாகும்.

சட்டம் வந்த வழி

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான சட்டம் 1995 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1996 பிப்ரவரி 7 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் போராடியவர்களுள் ஒருவர் ஜாவேத் அபிதி. அவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். அச்சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. மேலும், சாய்தளம் போன்ற வசதிகளை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் ‘பொருளாதார இயலளவுக்கு உட்பட்டு’ அமைக்க வேண்டும் என்றது. இத்தொடர் பெரிய வாயிலைத் திறந்துவிட்டது. ‘இப்போது பணம் இல்லை’ என்று சொல்லிக் கடமையைத் தள்ளிப்போட அது இடம் தந்தது.

2001 ஆம் ஆண்டு சனவரியில் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தார். குதுப் மினார், செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, ஜந்தர் மந்தர் ஆகிய இடங்களை அவர் காண விரும்பினார். அவருடைய சக்கர நாற்காலி செல்வதற்கென அங்கே தற்காலிக மரச் சாய்தளங்கள் அமைக்கப்பட்டன. உலகப்புகழ் பெற்ற விருந்தினருக்காகச் சில நாள்களில் செய்ய முடிந்த ஒன்றை இந்நாட்டு மாற்றுத்திறனாளிகளுக்காக ஏன் செய்ய முடியவில்லை என்னும் வினா அப்போது எழுந்தது.

2006 டிசம்பர் 13 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007 அக்டோபர் 1 ஆம் நாள் அதனை உறுதிசெய்தது. அவ்வுடன்படிக்கைக்கு ஏற்பப் புதிய சட்டம் தேவைப்பட்டது. அவ்வாறு பிறந்ததே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஆகும். அது 2017 ஏப்ரல் 19 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

புதிய சட்டம் கூறுவன

1. குறைபாடுகளின் வகைகள் ஏழிலிருந்து 21 ஆக உயர்ந்தன. பார்கின்சன் நோய், தசைச்சிதைவு, தலசீமியா, அரிவாள் அணுச் சோகை ஆகியவையும் இவற்றுள் அடங்கும்.

2. பேருந்து நிறுத்தங்கள், தொடர்வண்டி நிலையங்கள், வானூர்தி நிலையங்கள் ஆகியவற்றில் வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, பயணச்சீட்டு முகப்பு ஆகியன மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வகையில் அமைய வேண்டும் என்று 41 ஆம் பிரிவு கூறுகிறது.

3. அணுகல் விதிகளுக்கு உடன்படாத கட்டட வரைபடத்திற்கு அனுமதி வழங்கக் கூடாது என்றும், அவ்வாறு கட்டப்பட்ட கட்டடத்திற்கு நிறைவுச் சான்று தரக் கூடாது என்றும் 44 ஆம் பிரிவு கூறுகிறது.

4. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும், விதிகள் வெளியிடப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று 45 ஆம் பிரிவு கூறுகிறது. விதிகள் 2017 சூனில் வெளியாயின. எனவே அக்கெடு 2022 சூனில் முடிந்தது.

5. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். மீண்டும் மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இது 89 ஆம் பிரிவாகும்.

இவற்றைத் தவிர, மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டிற்கெனச் சிறப்பாக வடிவமைக்கப்பட்ட ஊர்திகளுக்குத் தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டண விலக்கு உண்டு. 2020 ஆம் ஆண்டு முதல், ஊர்திப் பதிவின்போது உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்பதைக் குறிப்பதற்கும் படிவத்தில் இடம் தரப்பட்டுள்ளது. இதனால் உரிய சலுகைகளைப் பெறுதல் எளிதாகிறது.

‘வேண்டும்’ என்னும் ஒரு சொல்

சட்டத்தில் ஒரு வினைச்சொல்லின் வலிமை மிகப் பெரிது. ‘இடம் ஒதுக்கலாம்’, ‘இடம் ஒதுக்குவது நன்று’, ‘இடம் ஒதுக்க வேண்டும்’ ஆகிய மூன்று தொடர்களும் தொலைவிலிருந்து கேட்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றும். முதல் தொடர் விருப்பத்தைக் குறிக்கும். இரண்டாவது அறிவுரையைக் குறிக்கும். மூன்றாவது தொடரே கடமையைக் குறிக்கும்.

இவ்வேறுபாடே உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் மையமாயிற்று. பார்வைக் குறைபாடு உடைய ராஜீவ் ரத்தூரி என்பவர், பொது இடங்களும் சாலைகளும் போக்குவரத்தும் அனைவரும் அணுகும் வகையில் அமைய வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். 2017 டிசம்பரில் நீதிமன்றம் பல ஆணைகளைப் பிறப்பித்தது. அவை எவ்வாறு நிறைவேறின என்பதை ஆராயும் பொறுப்புப் பின்னர் ஐதராபாத்திலுள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளர் ஆய்வு மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மையத்தின் அறிக்கை ஒரு முரண்பாட்டைச் சுட்டியது. சட்டம் ‘வேண்டும்’ என்று கட்டாயப்படுத்துகிறது. ஆனால் 2017 ஆம் ஆண்டு விதிகளின் 15 ஆம் விதி சுட்டிய வழிகாட்டு நெறிகளோ பரிந்துரை நடையில் எழுதப்பட்டிருந்தன. பரிந்துரையை மீறியவரைத் தண்டிப்பது எப்படி?

2024 நவம்பர் 8 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கட்டாயமாக இருக்க வேண்டியதைப் பரிந்துரையாக மாற்றிய அவ்விதி, மூலச் சட்டத்திற்கு முரணானது என்று நீதிபதிகள் கூறினர். விட்டுக்கொடுக்க இயலாத அடிப்படை அளவுகளைத் தனியே பிரித்துக் கட்டாய விதிகளாக மூன்று திங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டனர். வாயிலின் அகலமும் சாய்தளத்தின் சரிவும் ஒருவருடைய நல்லெண்ணத்தைப் பொறுத்தன அல்ல என்பது இத்தீர்ப்பின் சாரமாகும்.

பிற இடங்களில்

பிரித்தானியாவில் 1971 ஆம் ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகளின் ஊர்திகளுக்குச் செம்மஞ்சள் நிற அட்டை வழங்கும் முறை தொடங்கியது. இன்று அது நீல அட்டை எனப்படுகிறது. ஊர்தியின் முன்கண்ணாடிக்குப் பின்னே அதனை வைத்தால் உரிய இடத்தில் நிறுத்தலாம். அட்டை ஊர்திக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. அவர் எந்த ஊர்தியில் சென்றாலும் அதனைப் பயன்படுத்தலாம்.

அமெரிக்காவில் 1990 மார்ச்சு 12 ஆம் நாள் மாற்றுத்திறனாளிகள் பலர் தம் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே வைத்துவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினர். படிகள் தமக்கு எத்தகைய தடை என்பதைச் சொற்களின்றி அவர்கள் காட்டினர். அவ்வாண்டு சூலை 26 ஆம் நாள் அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையொப்பமாயிற்று.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் சென்னை மெரினா கடற்கரையில் 263 மீட்டர் நீளமுள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. அதன்வழியே சக்கர நாற்காலியில் வந்தோர் மணல்வெளியைக் கடந்து அலையின் அருகே சென்றனர். அடுத்த திங்களிலேயே புயலால் அப்பாதையின் ஒரு பகுதி சேதமடைந்தது, பின்னர் செப்பனிடப்பட்டது. ஒரு வசதியை அமைப்பதோடு பணி முடிவதில்லை. அதனைப் பேணிக் காப்பதும் கடமை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடு

நீலப் பலகை உள்ள இடத்தில் ஊர்தியை நிறுத்திவிட்டு ஒருவர் நடந்து செல்வதைக் காண்போர், ‘இவருக்கு என்ன குறை?’ என்று சினம் கொள்வதுண்டு. அவர் செயற்கைக் கால் பொருத்தியவராக இருக்கலாம். தசைச்சிதைவு உடையவராக இருந்து, சிறிது தொலைவு மட்டுமே நடக்கக்கூடியவராக இருக்கலாம். 21 வகைகளுள் பல வெளிப்பார்வைக்குப் புலப்படாதவை. எனவே தோற்றத்தைக் கொண்டு ஒருவரைப் பழித்தல் முறையன்று. உரிமைக்குச் சான்று அடையாள அட்டையே. ஒன்றிய அரசு வழங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லத்தக்கது. தமிழ்நாட்டில் பெற்ற அட்டையை ஆந்திரத்திலும் காட்டலாம். புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

முறையிடும் வழி

ஒதுக்கப்பட்ட இடம் இல்லையென்றாலோ, பிறரால் அடைக்கப்பட்டிருந்தாலோ கீழ்க்காணும் முறையில் செயற்படலாம்.

முதலாவதாக, அவ்விடத்தை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் பணிவுடன் தெரிவிக்க வேண்டும். பல இடர்கள் இந்நிலையிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக, நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு ஒளிப்படம் எடுக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட ‘சுகம்ய பாரத்’ செயலியில் அப்படத்துடன் முறையீட்டைப் பதியலாம்.

மூன்றாவதாக, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர் நிகழ்வில் மனு அளிக்கலாம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாக உள்ளது. எனவே சித்தூரில் நிகழ்ந்தவற்றைச் சித்தூர் ஆட்சியரிடமும், திருப்பதியில் நிகழ்ந்தவற்றைத் திருப்பதி ஆட்சியரிடமும் தெரிவிக்க வேண்டும். ஆந்திர அரசு அலுவலகங்களில் மாற்றுத்திறனாளிகளை ‘விபின்ன பிரதிபாவந்துலு’ என்றும், பொதுவழக்கில் ‘திவ்யாங்குலு’ என்றும் குறிப்பிடுவர். உரிய அலுவலகத்தைக் கேட்டறிய இச்சொற்கள் உதவும்.

நான்காவதாக, இவற்றால் தீர்வு கிட்டாவிடில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். இப்பதவி 1995 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றதாகும்.

நாம் செய்யத்தக்கவை

சட்டம் எவ்வளவு தெளிவாக இருப்பினும், காரையோ வண்டியையோ நிறுத்தும் கை ஒரு மனிதனுடைய கையே ஆகும். புரட்டாசியில் பிரம்மோற்சவக் கூட்டம் பெருகும் நாள்களில், ‘எல்லாரும் நிறுத்துகிறார்கள், நாமும் நிறுத்துவோம்’ என்னும் எண்ணம் எழும். அவ்வேளையில் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்துள்ள குழந்தை, “அப்பா, அது நமக்குரிய இடம் இல்லை” என்று சொன்னால் போதும். சாய்தளத்தின் வாயில் மிதிவண்டியை நிறுத்தாதிருத்தலும், உதவும் முன் ‘உதவட்டுமா?’ என்று கேட்டலும், கேளாமல் பிறருடைய சக்கர நாற்காலியைத் தொடாதிருத்தலும் நற்பண்புகளாகும்.

வேலூர்ப் பாட்டி மீண்டும் ஒரு நாள் திருப்பதிக்கு வருவார். அன்று நீலப் பலகையின் கீழ் உள்ள இடம் வெறுமையாக இருக்க வேண்டும். அவ்வெறுமை அவருக்காகக் காத்திருக்கும் மரியாதையாகும்.

சொற்பொருள்

சாய்தளம் – படிக்கு மாற்றாக அமைக்கப்படும் சரிவான தளம்
அணுகல் – தடையின்றிச் சென்று பயன்படுத்தும் நிலை
உடன்படிக்கை – நாடுகள் ஒப்புக்கொண்ட உறுதிமொழி
தண்டம் – குற்றத்திற்காக விதிக்கப்படும் தொகை
முறையீடு – குறையை உரியவரிடம் எடுத்துரைத்தல்
கெடு – ஒரு செயலை முடிப்பதற்குரிய கால எல்லை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நீலப் பலகைச் சின்னத்தில் கார்ல் மோன்டான் சேர்த்தது யாது? ஏன் சேர்த்தார்?
2. வாகன நிறுத்துமிடத்திற்குக் கூடுதல் அகலம் தேவைப்படுவது எதற்காக?
3. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த குறைகள் இரண்டனைக் கூறுக.
4. ‘கால்கள் மாறவில்லை, வழிதான் மாறியது’ – இத்தொடர் எந்நிகழ்ச்சியைக் குறிக்கிறது?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
நூலகம் ஒன்றின் வாயிலில் 15 செ.மீ. உயரமுள்ள நான்கு படிகள் உள்ளன. அங்கே அமைக்க வேண்டிய சாய்தளத்தின் நீளம் எவ்வளவு?

இ. கீழ்க்காணும் தொடர்கள் விருப்பம், அறிவுரை, கடமை ஆகியவற்றுள் எதனைக் குறிக்கின்றன எனக் கூறுக.
1. வாயிலருகே இடம் ஒதுக்க வேண்டும்.
2. கைப்பிடி அமைப்பது நன்று.
3. பலகையைத் தமிழிலும் எழுதலாம்.

ஈ. செயல்பாடு
உங்கள் பள்ளியின் வாயிலிலிருந்து வகுப்பறை வரை அளவுநாடாவுடன் நடந்து பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவருக்கு எங்கெங்கே தடை ஏற்படும் எனப் பட்டியலிடுங்கள். அவற்றை நீக்குமாறு வேண்டிப் பள்ளி முதல்வருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள்.